மூன்றாம் வரிசைக் கீச்சு

மேற்கு மாம்பலத்தில் எங்கள் சபாவுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. மார்கழி பிறந்தால் ஒரு பள்ளிக்கூட ஹாலைப் பிடித்து, மேடையில் ஜமக்காளம் விரித்து, பின்னால் ஒரு நீலப் படுதாவைத் தொங்கவிடுவோம். அதுதான் சபா. முந்நூறு நாற்காலி. நான் அதில் இணைச் செயலாளர். வித்வானுக்கு வெந்நீர் கொண்டுபோய் வைப்பது, வாசலில் நிற்பது, எல்லாரிடமும் திட்டு வாங்குவது என் இலாகா. பதினெட்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், வித்வான்கள் திட்டியதைவிட ரசிகர்கள் திட்டியதுதான் அதிகம். அந்த ரசிகர்களிலும் மூன்றாம் வரிசை முதல் நாற்காலிக்காரர் திட்டியதுதான் முக்கால்வாசி.

அவர் பெயர் பஞ்சாபகேசன். எடை அளவு இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் கொத்தவால்சாவடியில் அவர் தலை தெரிந்தால் படிக்கற்கள் தாமாகவே உண்மை பேச ஆரம்பிக்கும் என்பார்கள். எழுபத்து நான்கு வயதிலும் முதுகு வளையவில்லை. பாட்டு கற்றுக்கொண்டவர் இல்லை. ஆனால் ஐம்பது வருஷமாக ஒரு சீசன் விடாமல் கேட்டவர். எந்தப் பாடகரின் சுருதி எந்த இடத்தில் நூல் இழை இறங்கும் என்று இடம் சுட்டிச் சொல்வார். சரியாகவும் இருக்கும்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. கச்சேரி ஆரம்பித்துவிட்டால் சத்தம் போடும் உரிமை மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். கீழே இருப்பவர்கள் மூச்சை வேண்டுமானால் விட்டுக்கொள்ளலாம், அதுவும் மெதுவாக. யாராவது பேசினால் "உஷ்" என்று சொல்லமாட்டார். "உஷ்ஷுங்கறதே ஒரு சத்தம்தானேடா மௌலி" என்பார் என்னிடம். இடுப்புக்கு மேல் முழு உடம்பையும் திருப்பி, குற்றவாளியைப் பார்ப்பார். அந்தப் பார்வை ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் முழுக்க நிற்கும். இரண்டாவது ஆவர்த்தனத்துக்குள் செல்போனோ, அழுகிற குழந்தையோ, அதன் அம்மாவோ வெளியே போயிருப்பார்கள். ஒரு தடவை, மேடையில் பாடிக்கொண்டிருந்த வித்வானின் மனைவியையே வளையல்களைக் கழற்றிக் கைப்பைக்குள் போடச் சொன்னார். அந்த அம்மாளும் பயந்துபோய்க் கழற்றிப் போட்டார்.

பார்வைக்கு மசியாத ஒரே ஆள், பக்கத்து நாற்காலி அபரஞ்சி மாமி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊர் வம்பையெல்லாம் இணைத்துவிட்டவர். சீசன் டிக்கெட்டில் விழுந்த இடம் என்பதால் பத்து வருஷமாக இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார வேண்டிய விதி. மாமிக்கு மார்கழியில் வறட்டு இருமல். இருமல் மிட்டாயைப் பிரித்தால் காகிதம் நொறநொறவென்று சத்தம் போடும்.

"மாமி, ராகம் முடிஞ்சப்புறம் அதைப் பிரிக்கப்படாதா?" என்று ஒரு நாள் கேட்டார் பஞ்சாபகேசன்.

"இருமல் ராகம் தெரிஞ்சா வர்றது, சார்?"

"ஆத்துலயே பிரிச்சு ஒரு டப்பால போட்டுண்டு வரலாமே."

"ஏன், வாயிலயே போட்டுண்டு வரேன். போன வாரமே போட்டு வச்சுக்கறேன், போறுமா?"

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எதுவானாலும் என் மூலமாகத்தான்.

நான் சொல்ல வந்த வருஷம் ஐப்பசியிலேயே பஞ்சாபகேசன் வீட்டில் ஒரு கலவரம் நடந்திருக்கிறது. இது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அவர் சம்சாரம் தர்மாம்பாள் மாமி கூப்பிட்டால் அவருக்குக் கேட்பதில்லை. காலிங் பெல் கேட்பதில்லை. டாக்டரிடம் கொண்டுபோனதில், தடித்த சத்தமெல்லாம் கேட்கிறது, மெல்லிசான கீச்சுச் சத்தம் மட்டும் சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்லிக் காது மெஷின் மாட்டிவிட்டார்கள். பஞ்சாபகேசன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வெளியில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது.

"சுருதி சேரலைன்னு சொல்றவன் காதுலயே மெஷின்னு தெரிஞ்சா, அப்புறம் எவன்டி மதிப்பான்?" என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

அதற்காக ஒரு காப்பிப்பொடிக் கலர் கம்பளி மப்ளரைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார். மெட்ராஸ் மார்கழியில் அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. வெயில் கொஞ்சம் தணிந்தாலே எங்கள் ஹாலில் பாதிப் பேர் இமயமலைக்குப் புறப்பட்டவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். காது மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. அதைக் கம்பளியால் அமுக்கி மூடினால், தன் சத்தத்தைத் தானே கேட்டுக் கீச்சென்று கத்தும். கத்துவது கீச்சுச் சத்தம். பஞ்சாபகேசனுக்குப் போயிருந்ததும் கீச்சுச் சத்தம். ஆகவே ஹாலில் அது காதில் விழாத ஒரே மனிதர் அவர்தான்.

முதல் நாள் ஒரு இளம் பெண் பாடினாள். வர்ணம் முடிந்து அவள் கண்ணை மூடி ராகத்தை எடுத்தபோது, எங்கிருந்தோ "கீ..." என்று ஊசி மாதிரி ஒரு சத்தம். பாடகி கண்ணைத் திறந்து மைக்கைப் பார்த்தாள். வயலின்காரர் பாடகியைப் பார்த்தார். ஹால் முழுக்கத் திரும்பி, பின்னால் மைக் செட் மேஜையில் உட்கார்ந்திருந்த சகாயத்தைப் பார்த்தது. சகாயம் ஐந்தாறு திருகாணிகளைத் திருகினார். சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது.

இடைவேளையில் அபரஞ்சி மாமி, யாருக்கோ சொல்வது போல, "என்ன கீச்சு, காதைக் குத்தறது!" என்றார். பஞ்சாபகேசனுக்கு அப்போதுதான் ஏதோ சத்தம் வந்திருக்கிறது என்பதே தெரியும். தனக்குக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள முடியுமா? மறுநாள் காலையில் சபாவுக்குக் கடிதம் வந்துவிட்டது. அவர் கடிதங்களில் எண் போட்டிருக்கும், உட்பிரிவும் இருக்கும்.

"ஒன்று: நேற்றைய கச்சேரியில் ஒலிபெருக்கியிலிருந்து எழுந்த கீச்சொலி என் செவிப்பறையைத் துளைத்தது. இரண்டு: இரவு முழுதும் தலைவலி. மூன்று: மைக் செட்காரரை உடனடியாக மாற்றவும்."

சகாயம் பாவம். புது வயர் போட்டார். மைக்கை மாற்றினார். இரண்டாம் நாளும் கீச்சு. மூன்றாம் நாள் கச்சேரி நடுவில் என்னைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சார், ஒண்ணு சொன்னா நம்புவியா? இப்பத்தான் ஒரு நிமிசம் மொத்த மைக்கையும் ஆஃப் பண்ணிப் பாத்தேன். அப்பவும் கத்துது சார்! கர்த்தர் மேல சத்தியமா இது என் சாமான் இல்ல."

"பின்னே என்னய்யா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் மூணு நாளா தூங்காம கெடக்கேன்? எம் பொண்டாட்டி பேசினாக்கூட கீச்சுனு கேக்குது. அதச் சொல்லி வீட்ல வேற சண்ட."

நாலாம் நாள் கமிட்டி கூடியது. கூரையில் வௌவால் என்றார் தலைவர். கேன்டீன் குக்கர் என்றார் பொருளாளர். வயலின் தந்தியில்தான் கோளாறு என்று ஒருவர் சொல்லி, அது வயலின்காரர் காதுக்குப் போய், அவர் இனி இந்த சபா வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஆள் அனுப்பினார். கடைசியில் செயலாளர் மேஜையைத் தட்டினார்.

"இந்த ஊர்லயே கூர்மையான காது யாருக்கு இருக்கு? அவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கோ."

பஞ்சாபகேசன் அந்தப் பொறுப்பை உடனே ஏற்றுக்கொண்டார். ஐந்தாம் நாள் கச்சேரியில் அவர் உட்காரவே இல்லை. கையில் நோட்டுப் புத்தகம், காதைச் சுற்றி மப்ளர், பழைய நாட்களில் மண்டிக்குள் நுழைகிற அதே நடை. ஒவ்வொரு வரிசையாகப் போய் நின்று, தலையைச் சாய்த்து, உற்றுக் கேட்டார். தலையைச் சாய்த்தால் மப்ளர் மெஷினை அமுக்கும். அவர் எந்த வரிசையில் நின்றாரோ அந்த வரிசையில் கீச்சு கேட்டது. ஆறாம் வரிசையில் ஒரு பெரியவர் தன் செல்போனை எடுத்து அணைத்தார். கீச்சு நிற்காததால் பேட்டரியையும் கழற்றினார். ஒன்பதாம் வரிசையில் புதுமணத் தம்பதி ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். நான் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கீச்சு ஊர்ந்து ஊர்ந்து போவது எனக்கும் கேட்டது. ஆனால் சந்தேகம் வரவில்லையே! போலீஸ்காரர் பின்னாலேயே திருடன் நடந்து போவான் என்று யாருக்குத் தோன்றும்?

ஹாலைச் சுற்றிவிட்டு வந்து, ஏழாம் நம்பர் மின்விசிறிக்குக் கீழே நின்று விரலை உயர்த்தினார்.

"இதுதான்டா மௌலி. அணை."

அணைத்தேன். அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த நாற்பது பேருக்கு வியர்த்துக் கொட்டியது.

"இப்போ எப்படி இருக்கு? நிசப்தம்!" என்றார் பெருமையோடு.

கீச்சு அவர் காதோரத்திலிருந்து சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருந்தது. அவர் கண்டுபிடித்ததாகச் சொன்னபின் எனக்குத்தான் பிரமையோ என்று நான் வாயை மூடிக்கொண்டேன். சகாயம் என் முகத்தைப் பார்த்தார். நான் சகாயம் முகத்தைப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் கொரடாச்சேரி ராமதுரை பாடினார். பெரிய வித்வான், அதைவிடப் பெரிய கோபக்காரர். அவர் வருகிறார் என்பதற்காகவே ஹாலில் நிற்க இடமில்லை. காம்போதியை எடுத்தார். படிப்படியாக ஏறி மேல் ஷட்ஜத்துக்குப் போய், அங்கே நின்றார். இறங்கவே இல்லை. முந்நூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பஞ்சாபகேசன் உருகிப்போய்க் கண்ணை மூடித் தலையைத் தோளில் சாய்த்தார்.

"கீ..."

ராமதுரை பாட்டை நிறுத்தினார். மேலே கூரையைப் பார்த்தார்.

"நான் கஷ்டப்பட்டு ஏறி வந்தா, எனக்கு முன்னாடியே யாரோ மேல வந்து உட்கார்ந்துண்டிருக்கா. இருக்கட்டும், வேண்டாங்கலை. கொஞ்சம் சுருதி சேர்ந்து உட்காரச் சொல்லுங்கோ."

ஹால் சிரித்தது. வித்வான் சொன்னது பஞ்சாபகேசனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. காம்போதிக்கு நடுவில் ஜனங்கள் சிரிப்பது மட்டும் பட்டது. அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எழுந்து நின்றார். முழு உடம்பையும் திருப்பினார்.

"இது கச்சேரியா, சந்தைக்கடையா? சத்தம் போடற மகானுபாவர் யாரோ, அவரே எழுந்து வெளியில போயிடட்டும். அதுவரைக்கும் நான் உட்காரப்போறதில்லை!"

ஹால் கப்சிப்பென்று அடங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் மப்ளரை இறுக்கிக்கொண்டு நின்றார். அந்த அமைதியில் கீச்சு மட்டும் தன்னந்தனியாக, கணீரென்று ஒலித்தது.

அபரஞ்சி மாமி நிமிர்ந்து அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். அவர் மப்ளரின் ஒரு பக்கத்தைப் பிடித்துக் காதிலிருந்து விலக்கினார். கீச்சு நின்றது. மறுபடி மூடினார். கீச்சு வந்தது. விலக்கினார். நின்றது.

"என்ன மாமி இது!" என்றார் பஞ்சாபகேசன், அரண்டு போய்.

மாமி நினைத்திருந்தால் அந்த நிமிஷமே முந்நூறு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். பத்து வருஷக் கடுப்பு இருந்தது. மாமி மப்ளரை முழுசாக உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"புழுக்கமா இருக்கு சார். ஏழாம் நம்பர் ஃபேனைத்தான் அணைச்சாச்சே. நான் வச்சுக்கறேன், நீங்க உட்கார்ந்து பாட்டைக் கேளுங்கோ."

ராமதுரை மறுபடி ஆரம்பித்தார். அன்றைய காம்போதியைப் பற்றி இன்றைக்கும் மாம்பலத்தில் பேசிக்கொள்கிறார்கள். கச்சேரி முடிந்ததும் பஞ்சாபகேசன் நேராக என்னிடம் வந்தார். முகம் ஜொலித்தது.

"பார்த்தியாடா? நான் எழுந்து நின்னேன், பயல் ஓடிட்டான்! ஒரு கீச்சு உண்டா அப்புறம்? இன்னிக்கு ஒவ்வொரு பிருகாவும் கணீர்னு விழுந்தது காதுல. மூணு வருஷமாச்சு இப்படிக் கேட்டு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த மாமிக்குத்தான் ஏதோ ஆயிடுத்து. சபைல ஒரு ஆம்பிளையோட மப்ளரைப் பிடுங்கறா. நாளைக்கு லெட்டர் தரேன்."

நான் ஓடிப்போய் மாமியை வாசலில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னார். மப்ளரை மூடி மூடித் திறந்தது எக்ஸ்சேஞ்ச் பாஷையில் லைன் டெஸ்ட்டாம்.

"நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்கோளேன், மாமி."

"நான் சொன்னா மிட்டாய்ச் சண்டைக்குப் பழி வாங்கறேம்பார். நீதானே செகரட்டரி?"

"இணைச் செயலாளர், மாமி."

"அப்போ சகாயத்தோட இணைஞ்சு போய்ச் சொல்லு."

மறுநாள் காலை நானும் சகாயமும் போனோம். தர்மாம்பாள் மாமி காபி கொடுத்தார். பஞ்சாபகேசன் மப்ளர் பற்றிய கடிதத்தில் இரண்டாவது உட்பிரிவு எழுதிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்து, சீசன், பனி, கம்பளி என்று ஆரம்பித்து ஒருவழியாக விஷயத்துக்கு வந்தேன்.

அவர் பேனாவை மூடினார். "என் காதுல மெஷின் இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

"அதுவேதான் சார் எட்டு நாளா சொல்லிண்டிருக்கு."

"அபாண்டம்! கத்தினா எனக்குக் கேக்காதா?"

உள்ளேயிருந்து தர்மாம்பாள் மாமி வந்தார். "கேக்காது. அது ஆத்துலயும்தான் கத்தறது. முதல் நாலு நாள் குக்கர்னு நெனச்சு நான் அடுப்பை அணைச்சுண்டிருந்தேன். சாதம் வேகலைன்னு என்னைத்தான் திட்டினார்."

"சொல்லியிருக்கலாமே மாமி?" என்றேன்.

"சொன்னேனே. காதுல விழலை."

பஞ்சாபகேசன் நம்புவதாக இல்லை. தன் காதில் விழாத சத்தம் இல்லவே இல்லை என்பவரிடம் எப்படி நிரூபிப்பது? சகாயம்தான் தன் செல்போனை எடுத்தார். சத்தத்தை அளக்கிற ஆப் ஒன்று வைத்திருந்தார். திரையில் ஒரு அரைவட்டம், கோடுகள், நடுவில் ஒரு சிவப்பு முள்.

"சார், என் பேச்சு வாணாம். இந்த முள்ளப் பாரு."

முள் என்றதும் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சகாயம் போனை அவர் காதோரம் பிடித்து, ஒரு துண்டால் காதை மூடினார். முள் துள்ளிக் கடைசிக் கோட்டுக்குப் போய் நின்றது. பஞ்சாபகேசன் கடைக்கண்ணால் அதைப் பார்த்தார். துண்டை எடுத்ததும் முள் சரிந்து விழுந்தது.

"இன்னொரு தடவை" என்றார்.

முள் ஏறியது, இறங்கியது.

"இன்னொரு தடவை."

மூன்று தடவை நிறுத்துப் பார்ப்பது அவர் இலாகா வழக்கமாம். மூன்றாவது தடவையும் முள் ஒரே இடத்தில் நின்றபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். காபி ஆறிப்போனது.

"அப்போ அந்த ஏழாம் நம்பர் ஃபேன்?"

"நல்ல ஃபேன்தான் சார்."

"வயலின்காரர்?"

"அவரும் நல்லவர்தான் சார்."

சகாயத்தைப் பார்த்தார். "உன்னை மாத்தச் சொல்லி லெட்டர் எழுதினேனே அப்பா."

"தெரியும் சார். செகரட்டரி என்னாண்டதான் குடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாரு. எளுத்து நல்லாக் கீது."

அந்த மனிதர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கீச்சு சத்தமாகக் கிளம்பியது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. தர்மாம்பாள் மாமிதான் மெல்லத் துண்டை எடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மூன்றாம் வரிசை முதல் நாற்காலி காலி. மறுநாளும் காலி. அதற்கு மறுநாளும். அவர் இல்லை என்பது முதலில் பின் வரிசைகளுக்குத் தெரிந்தது. முதல் நாள் குசுகுசுவென்று ஆரம்பித்தவர்கள் இரண்டாம் நாள் வாய்விட்டுப் பேசினார்கள். மூன்றாம் நாள் நீலாம்பரிக்கு நடுவில் ஒரு மாமா செல்போனில், "கத்திரிக்கா முத்தலா இருந்தா வாங்காதே!" என்று கோயம்புத்தூருக்கே கேட்கும்படி உத்தரவு போட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அபரஞ்சி மாமி பார்த்துப் பார்த்து, தன் கண்ணுக்கு அவ்வளவு வலிமை இல்லை என்று தெரிந்துகொண்டார்.

அன்றே மாமி என்னிடம் நம்பர் வாங்கிப் போன் போட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"பஞ்சாபகேசன் சாரா? நான் ரெண்டாவது நாற்காலி பேசறேன். ஏன் சார் வரலை?"

எதிர்முனையில் அவருக்குச் சத்தமாகப் பேசுகிற வழக்கம் என்பதால் எனக்கும் கேட்டது. "எந்த மூஞ்சியை வச்சிண்டு வருவேன், மாமி?"

"எந்த மூஞ்சியானாலும் பரவாயில்லை. இங்க நீங்க இல்லாம சந்தைக்கடையாயிடுத்து. காது ரெண்டும் மட்டும் வெளியில தெரியணும். தெரியறதா?"

மறுநாள் வந்தார். மப்ளர் இல்லை. இரண்டு காதும், இடது காதின் பின்னால் இருந்த மெஷினும் எல்லாரும் பார்க்கும்படி இருந்தன. நேராக மேடைக்கு வந்து, "மௌலி, ரெண்டு நிமிஷம் மைக் வேணும்" என்றார். மறுக்க எனக்குத் தைரியமில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். எண் போட்டிருந்தது.

"ஒன்று: கடந்த பல நாட்களாக இந்த ஹாலில் கத்தியது என் காது மெஷின். இரண்டு: அதைத் தேடிப் பிடிப்பதாகச் சொல்லி, அதையே ஒவ்வொரு வரிசைக்கும் எடுத்துக்கொண்டு போனவன் நான். மூன்று: மைக் செட் சகாயம், வயலின் வித்வான், ஆறாம் வரிசையில் போனைப் பிரித்துப் போட்ட பெரியவர், ஏழாம் நம்பர் மின்விசிறிக்குக் கீழே வியர்வையில் குளித்தவர்கள், எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு: கத்திரிக்காய் விவகாரம் என் காதுக்கு வந்தது. அதற்கு மன்னிப்புக் கிடையாது."

கைதட்டல் கூரையைத் தூக்கிவிட்டது. சகாயம் பின்னாலிருந்து, "சார், மைக்ல உங்க கொரல் சூப்பரா கீது!" என்று கத்தினார்.

அன்று இடைவேளையில்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கேன்டீனில் ரவா தோசைக்கு நிற்கவேண்டிய கூட்டம் பஞ்சாபகேசனைச் சுற்றி நின்றது. "எங்க வாங்கினேள்?" என்று காதோரம் ரகசியமாகக் கேட்டார் ஒருவர். ரகசியமாகக் கேட்டதால் அவருக்குக் கேட்கவில்லை. உரக்கக் கேட்க வேண்டியதாயிற்று. இன்னொருவர் கோட்டுப் பையிலிருந்து தன் மெஷினையே எடுத்தார். வாங்கி ஒரு வருஷமாகப் பையிலேயே இருக்கிறதாம், மருமகள் சிரிப்பாள் என்று பயம். கமிட்டித் தலைவர் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, தன் குல்லாயைக் கழற்றினார். உள்ளே அவருக்கும் ஒன்று இருந்தது. வௌவால் என்று சொன்னவர் அவர்தான் என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. எங்கள் ஹாலில் அன்று கணக்குப் பார்த்ததில் பதினொரு பேர் தேறினார்கள்.

பஞ்சாபகேசன் தன் மெஷினைச் செய்தவர்களிடம் கொடுத்து, காதுக்குள் போகிற அச்சை அளவெடுத்துப் புதிதாகப் பண்ணிப் போட்டுக்கொண்டார். அதன்பின் அது கத்தவில்லை. காது நன்றாகக் கேட்க ஆரம்பித்ததில் அவருக்குச் சங்கடமும் வந்தது. இத்தனை நாள் கீச்சுக் குரல் என்று தெரியாமலே அவர் புகழ்ந்துகொண்டிருந்த ஒரு பாடகியை மறுபடி கேட்டுவிட்டு, "மௌலி, நான் இவளைப் பத்தி ஒண்ணும் எழுதிக் கொடுக்கலையே?" என்று கலங்கிப்போய்க் கேட்டார். எழுதிக் கொடுத்திருந்தார். சபாவின் ஆண்டு மலரில் அச்சாகியும் இருந்தது.

கடைசி நாள் கச்சேரிக்கு தர்மாம்பாள் மாமியையும் அழைத்து வந்தார். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷத்தில் மாமி அவரோடு கச்சேரிக்கு வந்தது இரண்டாவது தடவையாம். முதல் தடவை கொட்டாவி விட்டார் என்று பாதியிலேயே வெளியே அனுப்பிவிட்டாராம். இந்தத் தடவை அபரஞ்சி மாமி தன் நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்து அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துகொண்டார். இரண்டாவது கீர்த்தனைக்குள் தர்மாம்பாள் மாமியின் தலை தொங்கிவிட்டது. நிரவல் வந்தபோது மெல்லிய குறட்டை கிளம்பியது. புது அச்சு போட்ட மெஷின், எல்லாம் துல்லியமாகக் கேட்கும். பஞ்சாபகேசன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தன் தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, அவர் தலையை அதன்மேல் சாய்த்துக்கொண்டார்.

முன்வரிசைக்காரர் ஒருவர் குறட்டையைக் கேட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்.

"என்னைய்யா பார்க்கறீர்? மேடை அந்தப் பக்கம்" என்றார் பஞ்சாபகேசன்.